மைனாவின் தொண்டையில் மோதிரம்

அத்தியாயம் 6

கழுதைக்குட்டி மாடிப்படி ஏறும் என்று மாணிக்கவேலுக்கு இதுவரை யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, 'சந்திரிகா துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்கும் ஒற்றை அறையில் அவர் அப்போதுதான் எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்திருந்தார். கீழிருந்து 'டக்கு டக்கு' என்று படியேறும் சத்தம் வந்தது. குதிகால் செருப்பு போட்ட யாரோ பெரிய இடத்துப் பெண்மணி வருகிறார் என்று நினைத்து, அவசரமாகச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். வாசலில் இரண்டு நீளக் காதுகள் எட்டிப் பார்த்தன.

"மேடம், கிளையண்டு வந்துகீது" என்றார் மாணிக்கவேல். "காது மட்டும் கொஞ்சம் பெருசு."

சந்திரிகா கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். எதற்கும் சட்டென்று அதிர்ச்சியடையாத முகம். மாணிக்கவேல் அதற்கு நேர்மாறு. இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியவர். இப்போது அந்த ஆட்டோவோடு சேர்ந்து அவளுக்கு உதவியாளராகிவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. வாய்க்கு வயதே கிடையாது.

குட்டியைத் தொடர்ந்து ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கண்கள் அழுது சிவந்திருந்தன.

"நீங்கதானே அந்த மோதர கேஸ் பாக்குற மேடம்? நான் ஜோதிலட்சுமி. பீர்க்கன்கரணை. அவங்க அறுக்கப் போறது என் கழுதய. நாலு மணிக்கு. நீதாம்மா நிறுத்தணும்."

மாணிக்கவேல் டப்பாவை மூடினார். குட்டி அதை முகர்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தது.

கேஸ் இதுதான். அஸ்தினாபுரத்தில் ஞானஜோதி என்று ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை. சிவப்புக் கல் பதித்த அவருடைய மோதிரம், ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று காணாமல் போய்விட்டது. மகன் மெர்வினுக்கு வரப்போகிறவளுக்கு என்று இருபத்தைந்து வருஷமாகக் கையிலேயே போட்டுக் காத்த மோதிரம். திங்கட்கிழமை காலை சந்திரிகாவிடம் வந்து, கண்டுபிடித்துக் கொடுக்கும்படி கேட்டார். சந்திரிகா விசாரணையை ஆரம்பித்து இரண்டே நாளில், நேற்று இரவு, அவரிடமிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தோடு வாட்ஸ்அப் செய்தி வந்தது. 'ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மோதிரம் கழுதையின் தொண்டையில் இருக்கிறது. நாளை ஆபரேஷன். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம்.'

"ஞாயித்துக்கெழம அவங்க சர்ச்சு ஊர்வலத்துக்கு என் மைனாவத்தான் கூட்டினு போனேன்" என்றாள் ஜோதிலட்சுமி.

"மைனாவா?" என்றார் மாணிக்கவேல்.

"கழுத பேருண்ணா. வேதத்துல கழுதயும் குட்டியும்னு கீதாம், ரெண்டயும் கொண்டாந்தே ஆவணும்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க. ஊர்வலம் முடிஞ்சதும் அவங்களே கையால கேரட் குடுத்தாங்க. அவ கையெல்லாம் நக்குனா. அப்பதான் மோதரம் உள்ள போயிருச்சுன்னு சொல்றாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல மேடம். ஆனா ஞாயித்துக்கெழமலேர்ந்து அவ ஒண்ணும் துன்னல. வாயில எச்சியா ஒழுகுது." அவள் குரல் இறங்கியது. "கத்தவும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது பிறகுதான் புரிந்தது. ஜோதிலட்சுமி தெருத்தெருவாகக் கழுதைப் பால் விற்பவள். ஒரு நாளும் வாய் திறந்து கூவி விற்றதில்லை. தெருமுனையில் மைனா ஒரு முறை கத்தினால் போதும், கைக்குழந்தை இருக்கிற வீட்டிலெல்லாம் பால் புகட்டும் சங்கோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"பொழிச்சலூர்ல தலைக்கு மேல பிளேன் போவும் பாரு, அந்த பிளேனுக்கே பதில் சொல்லுவா. இப்ப தொண்டயக் கீறுனா பொழைக்கிறதே கஷ்டமாம். பொழச்சாலும் கொரலு வராதாம். கைநாட்டு வாங்கிகினாங்க. முழுங்குனது என் கழுததானே, நான் இன்னான்னு மாட்டேன்னு சொல்றது?"

சந்திரிகா போனில் அந்த எக்ஸ்ரே படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். கழுதைத் தலையின் பக்கவாட்டுத் தோற்றம், மூக்கு நுனியிலிருந்து கழுத்து வரை. தாடைக்குப் பின்னால், தொண்டைக்குப் பக்கத்தில், பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம்.

"ரொம்ப வட்டமா இருக்கு" என்றாள்.

"மோதரம் பின்ன சதுரமாவா இருக்கும்?"

"கல் வச்ச மோதிரம், மாணிக்கம் அண்ணா. தலையில ஒரு முண்டு தெரியணும். இது வாஷர் மாதிரி இருக்கு." அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். "மணி ஒண்ணேமுக்கால். கிளம்புங்க."

கிளம்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாடிப்படி ஏறத் தெரிந்த குட்டிக்கு இறங்கத் தெரியவில்லை. முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் ஊன்றிக்கொண்டு, ஓட்டுப் போட வரிசையில் நிற்பதைப்போல் நிதானமாக நின்றது. கடைசியில் மாணிக்கவேல் அதைத் தூக்கிக்கொண்டே இறங்கினார். ஜெராக்ஸ் எடுக்க வந்த மாணவர்கள் ஆளுக்கொரு போட்டோ எடுத்தார்கள்.

"போட்டோவ ஊட்டுக்காரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்கப்பா" என்று அவர்களிடம் கெஞ்சினார். "அவ இன்னும் நான் துப்பறியறேன்னு நம்பிகினு கீறா."

ஆட்டோவில் சந்திரிகா ஒரு ஓரம், ஜோதிலட்சுமி மறு ஓரம், நடுவில் குட்டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோது போக்குவரத்துக் காவலர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னய்யா இது?"

"மூணு பேர்தான் சார். பர்மிட் கீது."

காவலருக்கு அன்று நல்ல மனநிலை. சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். பம்மல் கடைத்தெரு நெரிசலில் குட்டி மாணிக்கவேலின் காலரை மெல்ல ஆரம்பித்தது. பொழிச்சலூர் போய்ச் சேர்ந்தபோது சட்டையில் அரைக் காலர்தான் மிச்சம்.

டாக்டர் அசரியா நடத்தும் பிராணிகள் ஆஸ்பத்திரி ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. டாக்டர் வெளியூர் முகாமிலிருந்து மூன்றரைக்குத்தான் வருவார் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னாள். சட்டையில் 'கிறிஸ்டி' என்று பெயர்ப்பட்டை. வலது கை மோதிர விரலில் பெரிய பேண்டேஜ். ஒரு கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"விரல் என்னாச்சு?" என்று கேட்டாள் சந்திரிகா.

"நாய் கடிச்சிடுச்சு மேம்."

"நாய்க்கு ரொம்ப ஒழுக்கம்" என்றார் மாணிக்கவேல். "அஞ்சு வெரல்ல ஒண்ண மட்டும் எடுத்துக்கிச்சு."

கிறிஸ்டி சிரிக்கவில்லை. கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மேசையில் தேங்காய் எண்ணெய் பாட்டில், பாத்திரம் கழுவும் சோப்பு, வெள்ளை நூல்கண்டு, ஒரு கிண்ணத்தில் பாதி உருகிய ஐஸ் கட்டி. சமையல், சலவை, தையல் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று மாணிக்கவேல் நினைத்துக்கொண்டார். சந்திரிகா மேசையை ஒரு முறை பார்த்தாள்.

பின்பக்கக் கொட்டகையில் மைனா நின்றுகொண்டிருந்தாள்.

சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு. தாடைக்குக் கீழே தொண்டையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சுத்தமாக மழித்திருந்தார்கள். கத்தி வைக்கப்போகிற இடம். குட்டி ஓடிப்போய் மடியில் முட்டியது. மைனா குனிந்து அதை நக்கினாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

மாணிக்கவேல் அருகே போய் நின்றார். இருபது வருஷம் ரோட்டில் எத்தனையோ கழுதைகளை ஹாரன் அடித்து விரட்டியிருக்கிறார். ஒன்று கத்தாமல் நிற்பதைப் பார்த்து இப்படிக் கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் பறந்து போனது. மைனா காதுகளை மட்டும் உயர்த்தினாள்.

"பாத்தியா மேடம்" என்றாள் ஜோதிலட்சுமி. "பதில் சொல்லத்தான் பாக்குறா. வர மாட்டேங்குது."

அதற்குள் ஞானஜோதி வந்துவிட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் பெரிய கைப்பை, வளையலில் கொத்தாக ஊக்குகள். பின்னால் மெர்வின், நீலச் சட்டை, இருபத்தெட்டு வயது. அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் அவன்தான். படத்தை எடுத்தவனும் அவன்தான்.

"சந்திரிகா, நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டு? அதான் கிடைச்சிடுச்சே" என்றார் ஞானஜோதி. "ஆறரைக்கு எனக்குச் சர்ச்ல சர்வீஸ் இருக்கு. பெரிய வியாழன். அதுக்குள்ள முடிஞ்சிடும்னு மெர்வின் சொன்னான்."

"வெயிட் பண்ணா தானா வெளிய வராதா?" என்று கேட்டாள் சந்திரிகா.

"நானும் அதைத்தான் சொன்னேன் மேம்!" மெர்வின் தேவைக்கு மேல் வேகமாகச் சொன்னான். "ரெண்டு மூணு வாரம் பாக்கலாம்னேன். அம்மாதான் கேக்கல."

"எச்சில் ஒழுகுது, சாப்பாடு இல்ல. மூணு வாரத்துல அந்த ஜீவன் செத்துப் போயிடும்டா" என்றார் ஞானஜோதி. குரலில் நிஜமான கவலை இருந்தது. மோதிரத்தைப் பற்றி மட்டுமல்ல என்று மாணிக்கவேலுக்குத் தோன்றியது.

ஜோதிலட்சுமி ஒரு ஈரத் துணியோடு வந்து மைனாவின் வாயைத் திறந்தாள். கட்டை விரலை உதட்டு ஓரத்தில் நுழைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மாணிக்கவேல் துள்ளிக் குதித்தார்.

"தங்கச்சி! வெரலு போயிடப்போவுது!"

"இங்க பல்லே கெடையாதுண்ணா. முன்னால கடிக்கிற பல்லு, பின்னால அரைக்கிற பல்லு. நடுவுல காலி. மருந்து குடுக்கறதெல்லாம் இந்த வழியாத்தான். கைய வச்சுப் பாரு."

மாணிக்கவேல் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். வழவழவென்று ஈறு. ஒரு பீடிக்கட்டையே அங்கே பத்திரமாக வைக்கலாம். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கமும் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு சந்திரிகாவின் போனை வாங்கி, எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கினார்.

"மேடம், போட்டோ எடுக்கற அன்னிக்கு நம்ப மைனா மேக்கப் போட்டுகினு வந்துகீறா போல."

"என்ன?"

"படத்துல ஒரு பல்லு எக்ஸ்ட்ரா கீது. நடுவுல காலியா கீதே, அதே எடத்துல. ஆணி அடிச்சாப்ல."

சந்திரிகா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, வெறும் ஈறு இருக்க வேண்டிய இடத்தில், கூம்பு போல ஒரு பல் துருத்திக்கொண்டு நின்றது. அவள் மைனாவின் உதட்டைத் தானே தூக்கிப் பார்த்தாள். பிறகு மெர்வினைப் பார்த்தாள். அவன் மைனாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க வாய்க்கு இன்னிக்கு சர்க்கரை போடணும்" என்றாள்.

"எலுமிச்ச சாதமே போதும் மேடம். மிச்சத்த குட்டி துன்னாம இருந்தா."

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் அசரியா உயரமான மனிதர். நடந்துகொண்டே கையுறையைத் தேடுகிற ரகம். சந்திரிகா அவரை வழியிலேயே நிறுத்திப் போனை நீட்டினாள்.

"டாக்டர், ஒரே கேள்வி. இந்தத் தலை ஆணா, பொண்ணா?"

அவர் ஒரு நொடிதான் பார்த்தார். "ஆண். இதோ கோரைப்பல். ஆண் கழுதைக்குத்தான் இந்த இடத்துல இவ்வளவு கொழுத்து முளைக்கும். பெட்டைக்குப் பெரும்பாலும் வராது. வந்தாலும் அரிசி அளவுதான் இருக்கும்." சொல்லிக்கொண்டே திரும்பியவர், மைனாவின் மடியில் பால் குடிக்கும் குட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆம்பள பால் குடுக்கறது எந்த ஊர்ல டாக்டர்?" என்றார் மாணிக்கவேல்.

"ஆனா நேத்து எனக்கு வந்த படத்துல பல்லே இல்லையே... தொண்டை மட்டும்தானே இருந்தது?" டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "மெர்வின். எனக்கு ஏன் வெட்டி அனுப்பின?"

"முழுசா அனுப்பினா நீங்க பல்லப் பாத்துடுவீங்களே" என்றாள் சந்திரிகா. "அம்மா மட்டும் முழுப்படம் வேணும்னு அடம் பிடிச்சிருக்காங்க. டீச்சர் இல்லையா, பாதி விடைக்கு மார்க் போட மாட்டாங்க. அவங்க அதை அப்படியே எனக்கு அனுப்பிட்டாங்க. இது யாரோட தலை மெர்வின்?"

"போன வருஷம் பல்வலிக்கு வந்த ஒரு கழுதை" என்றான் தரையைப் பார்த்து. "கம்ப்யூட்டர்ல இருந்தது."

"அந்த வட்டம்?"

"வாஷர். தனியா எக்ஸ்ரே எடுத்து ஒட்டினேன்."

ஞானஜோதி கைப்பையைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையை அடக்கிய அமைதி அது.

"அப்ப என் மோதிரம் எங்கடா?"

சந்திரிகா வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பினாள். "கிறிஸ்டி, கொஞ்சம் இங்க வாம்மா. நாய் கடிச்சா யாரும் தேங்காய் எண்ணெய் தேய்க்க மாட்டாங்க. சோப்பு, எண்ணெய், நூல், ஐஸ். ஒரு பொருள் விரல்ல மாட்டிக்கிட்டா எடுக்கறதுக்குத்தான் இந்த நாலும் வேணும்."

கிறிஸ்டி அழுதுகொண்டே பேண்டேஜைப் பிரித்தாள். வீங்கிய விரலில், எண்ணெயில் ஊறிப் பளபளவென்று, சிவப்புக் கல் மோதிரம்.

விஷயம் முழுக்கக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவக் கழற்றி சோப்புப் பெட்டியில் வைத்த மோதிரத்தை மெர்வின் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கிறிஸ்டிக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு நிமிஷம் பார்க்கத்தான். உள்ளே போனது வரவில்லை. ராத்திரி, கழற்றி வைத்ததே ஞாபகமில்லாமல் அம்மா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடும்போது, 'கழுதைக்குக் கேரட் குடுத்தீங்களே' என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். மறுநாள் பார்த்தால் கழுதையும் சொல்லி வைத்த மாதிரி வாயை மூடிக்கொண்டது. அம்மா அதை நம்பாமல் சந்திரிகாவிடம் போனதும், பொய்யை நிஜமாக்க ஒரு படம் தேவைப்பட்டது.

"ஆபரேஷன் வரைக்கும் போகும்னு நான் நினைக்கவே இல்லம்மா. ரெண்டு வாரம் டைம் கிடைச்சா வீக்கம் வத்திடும், எடுத்திடலாம்னு..."

"அத ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவங்க வீட்ல ஆர்.சி.மா, கத்தோலிக்கச் சபை, நம்ம சபை இல்ல. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயமா இருந்தது."

"நான் ஒத்துக்க மாட்டேன்னு ஒரு கழுதையோட கழுத்த அறுக்கலாம்னு எந்தச் சபையில சொல்லிக்குடுத்தாங்க?"

மாணிக்கவேலால் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். கத்தி பெட்டிக்குள் போனது. கிறிஸ்டியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாதி சிரித்தாள். கேஸ் முடிந்தது. மணி நாலு. ஆட்டோவில் ஏறி, வழியில் சூடாக ஒரு பஜ்ஜி சாப்பிடலாம் என்று மாணிக்கவேல் திட்டம்கூடப் போட்டுவிட்டார்.

ஜோதிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"மோதரம் அங்க கீது. சரி" என்றாள். "அப்ப என் மைனா ஏன் கத்தல?"

மறுபடியும் ஒரு விமானம் போனது. எல்லோரும் மைனாவைப் பார்த்தார்கள். காது உயர்ந்தது. வாய் திறந்தது. ஓர் எச்சில் நூல் மட்டும் இறங்கியது.

சிரிப்பு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நின்றுபோனது.

"மெர்வின்" என்றார் டாக்டர் அசரியா. "நேத்து இவளுக்கு நிஜமா எக்ஸ்ரே எடுத்தியா இல்லையா?"

"இல்ல சார். ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்துட்டேன்."

"இப்ப எடு. என் கண்ணு முன்னால."

ஐந்து நிமிஷத்தில் திரையில் மைனாவின் நிஜத் தலை வந்தது. நடுவில் காலி இடம் காலியாகவே இருந்தது, பெண்பிள்ளைதான். டாக்டரின் விரல் பின்னால் நகர்ந்தது. "தாடைக்குப் பின்னால இந்தக் கறுப்பு நிழல் இருக்கு பாருங்க, இது காற்றுப்பை. நமக்குக் கிடையாது. கழுதைக்கும் குதிரைக்கும் பக்கத்துக்கு ஒண்ணு. பெரிய ரத்தக்குழாயும், முழுங்கறதுக்கும் குரலுக்குமான நரம்புகளும் இதோட சுவரை ஒட்டித்தான் போகும். இங்க கத்தி வைக்கிறது..." அவர் நிறுத்தினார்.

பைக்கு வெளியே, தொண்டையின் வாசலில், வாய் பிளந்த ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு முனை கூர்மை. மறுமுனையில் சின்னச் சுருள்.

"ஊக்கு" என்றாள் சந்திரிகா.

மாணிக்கவேலின் கண் தன்னிச்சையாக ஞானஜோதியின் வளையலுக்குப் போனது. கொத்தாகத் தொங்கிய ஊக்குகள் லேசாக ஆடின.

சந்திரிகா போனில் சர்ச்சின் ஊர்வலப் படங்களைத் தேடி எடுத்தாள். கேஸுக்காகத் திங்கட்கிழமையே வாங்கி வைத்தவை. முதல் படத்தில் மைனாவின் முகக் கயிற்றில், வாய்க்கு எட்டும் தூரத்தில், அழகாக மடித்த ஓலைச் சிலுவை. கடைசிப் படத்தில் கயிறு மட்டும் இருந்தது.

"சிலுவை நான் மடிச்சது" என்றார் ஞானஜோதி. "காத்துல பறந்து ரோட்ல விழுந்து மிதிபடக் கூடாதேன்னு நாந்தான் ஊக்குப் போட்டுக் குத்தினேன். பிள்ளைங்களுக்கெல்லாம் சட்டையில அப்படித்தான் குத்துவோம். பிள்ளைங்க அதைத் தின்ன மாட்டாங்க. இது..." அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். "நாலு நாளா நானே இவ தொண்டையில குத்திட்டு, இவளைத் திருடின்னு சொல்லிட்டேன்."

ஜோதிலட்சுமி ஏதாவது பதிலுக்குச் சொல்வாள் என்று மாணிக்கவேல் எதிர்பார்த்தார். அவளோ டாக்டரைத்தான் பார்த்தாள். "எடுத்துடலாமா சார்?"

"கத்தி வேணாம். மூக்கு வழியா கேமரா விடுவேன், வாய் வழியா இடுக்கி. ஆனா நாலு நாள் குத்திக்கிட்டு இருந்திருக்கு. குரல் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

லேசான மயக்க ஊசியில் மைனா நின்றபடியே தலையைத் தொங்கவிட்டாள். கறுப்புக் குழாய் மூக்கினுள் போனது. திரையில் ஈரமான இளஞ்சிவப்புக் குகை விரிந்தது. இரண்டு திரைச்சீலைகள் மூடித் திறப்பது போல மூச்சு வந்து போவதை மாணிக்கவேல் வாயைப் பிளந்து பார்த்தார். இதற்குள்ளிருந்தா பிளேனுக்குப் பதில் சொல்லுகிற சத்தம் வந்தது என்று அவருக்கு நம்பவே முடியவில்லை.

"கத்தறதுலயும் இது தனி ரகம்" என்றார் டாக்டர், குழாயை நகர்த்திக்கொண்டே. "நாம வெளிய விடற மூச்சுலதான் கத்துவோம். கழுதை உள்ள இழுக்கும்போது ஒரு பாதி, வெளிய விடும்போது ஒரு பாதி. ரெண்டும் நல்லா இருந்தாத்தான் முழுக் குரல்."

இடுக்கி ஒரு முறை நழுவியது. இரண்டாவது முறையும் நழுவியது. ஜோதிலட்சுமி மைனாவின் உதட்டு ஓரத்தில் கட்டை விரலை வைத்து வாயைத் திறந்தபடியே பிடித்திருந்தாள். மறுபக்கத்தில் சொல்லாமலே மாணிக்கவேல் தன் விரலை வைத்துக்கொண்டார். மூன்றாவது முறை டாக்டரின் மணிக்கட்டு மெதுவாகத் திரும்பியது. தட்டில் 'டிங்' என்று விழுந்தது, ஒரு துணுக்கு ஓலையோடு ஊக்கு.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. காத்திருப்பது.

மயக்கம் தெளிந்தது. மைனா தண்ணீர் குடித்தாள். ஐந்தரைக்கு ஒரு விமானம் போனது. சத்தம் இல்லை. ஐந்தே முக்காலுக்கு இன்னொன்று. காற்று மட்டும். கிறிஸ்டியும் மெர்வினும் நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மோதிரத்தை எடுக்க யாரும் முயற்சி செய்யவில்லை. ஞானஜோதி ஒரு முறை அந்தப் பக்கம் போனார். விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"வெட்டி எடுக்கலாம் ஆன்ட்டி" என்றாள் கிறிஸ்டி.

"இன்னிக்கு இங்க யாரும் எதையும் வெட்ட வேணாம்" என்றார் ஞானஜோதி. "வீக்கம் வத்தறதுக்குள்ள உங்க அப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லு, பேசணும். வத்திடுச்சுன்னாலும் வரச் சொல்லு."

மாணிக்கவேல் கேஸ் நோட்டில் எழுதினார்: 'பொருள் கிடைத்தது. திரும்பப் பெற முடியாது.'

"மேடம், ஆறு மணி" என்றார் பிறகு, ஞானஜோதி காதில் விழும்படி. "டீச்சரம்மாவுக்கு சர்வீஸ் கீது. ஆட்டோ ரெடி."

ஞானஜோதி கிளம்பவில்லை. வளையலிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, ஜோதிலட்சுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கஞ்சி போட்ட புடவை கசங்கியது. ஜோதிலட்சுமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மேற்கே வானம் சிவந்திருந்தது. தூரத்தில் உறுமல் கேட்டது. பெரிய விமானம். கொட்டகைத் தகரம் அதிர, வயிறு தெரிய, தலைக்கு மேல் வந்தது.

மைனாவின் காது உயர்ந்தது. கழுத்து நீண்டது. மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஹீ..."

கிரீச்சென்று, துருப்பிடித்த கேட்டைப் போல, பாதிக் குரல். ஜோதிலட்சுமி மாணிக்கவேலின் கையைப் பிடித்தாள். உள்ளே போனது வெளியே வர வேண்டும். எல்லோரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"...ஹாஆஆ! ஹீ ஹாஆஆ! ஹீ ஹாஆஆஆ!"

விமானம் போன இடம் தெரியவில்லை. தெருநாய்கள் குரைத்தன. குட்டி நாலு காலையும் தூக்கிக் குதித்து, மாணிக்கவேலின் மீதிக் காலரையும் முடித்துவைத்தது. ஜோதிலட்சுமி மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். முட்டுச்சந்தின் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடும் கையில் சங்கோடும் ஒரு பெண் வெளியே வந்து, "இந்த வாரம் ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள்.

"டீச்சரம்மா" என்றார் மாணிக்கவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆறு பத்து ஆயிடுச்சு. இப்ப கிளம்புனாத்தான் பாதி சர்வீஸாவது கெடைக்கும்."

ஞானஜோதி எழுந்திருக்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லப்பா" என்றார். "இன்னொரு பிளேன் வரட்டும்."